அம்மாவுக்குக் கேட்ட ரெஸில்மேனியா

2020 ஏப்ரல் 5, ஞாயிற்றுக்கிழமை. இன்னும் விடியவில்லை. திருச்சியில் அக்கா வீட்டு ஹாலில் நானும் அக்கா மகனும் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தோம். பால் காய்ச்ச எழுந்து வந்த அம்மா சமையல்கட்டு வாசலிலேயே நின்றுவிட்டார். “யாருப்பா அது, இந்நேரத்துல அடிச்சுக்கிறது? பக்கத்து வீட்டுலயா?”

“டிவிம்மா.”

“டிவியா? நெசமா அடிச்சுக்கிற மாதிரில்ல இருக்கு.”

இருபத்தைந்து வருடமாக நான் இந்த மல்யுத்தத்தைப் பார்த்துவருகிறேன். அம்மாவும் இருபத்தைந்து வருடமாக அதைச் சமையல்கட்டிலிருந்து கேட்டுவருகிறார். ஒருமுறைகூட அது அவருக்குச் சண்டையாகக் கேட்டதில்லை. கூட்டத்தின் இரைச்சல் வந்தால் அவருக்கு அது கிரிக்கெட்தான். “யாரு பேட்டிங்?” என்பார். நானும் எதற்கு வம்பென்று “இந்தியா” என்றுவிடுவேன். அன்றைக்கு முதல்முறையாக, எதிரே உட்கார்ந்து பார்க்காமலே, அது சண்டை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. காரணம் எளிது. கூட்டம் இல்லை.

நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தது ரெஸில்மேனியா 36. டபிள்யூடபிள்யூஇ என்ற அமெரிக்க மல்யுத்த நிறுவனத்துக்கு அது தீபாவளி, பொங்கல் எல்லாம் சேர்ந்த மாதிரி. வருடம் முழுக்க வளர்த்த பகையெல்லாம் அன்றுதான் தீரும். அந்த வருடம் ஃப்ளோரிடா மாநிலம் டாம்பாவில் ரேமண்ட் ஜேம்ஸ் ஸ்டேடியத்தில் நடப்பதாக இருந்தது. சுமார் 65,000 பேர் உட்காரும் இடம். அதற்குள் கொரோனா வந்துவிட்டது. நிகழ்ச்சியை ஆர்லாண்டோவுக்கு மாற்றுவதாக மார்ச் 16 அன்று அறிவித்தார்கள். ஆர்லாண்டோவில் அவர்களுக்குப் பெர்ஃபார்மன்ஸ் சென்டர் என்று ஒரு பயிற்சிக்கூடம் உண்டு. புதிதாகச் சேரும் பையன்களும் பெண்களும் விழக் கற்றுக்கொள்ளும் இடம். கல்யாண மண்டபத்தில் வைத்திருந்த கல்யாணத்தை வீட்டு மொட்டைமாடிக்கு மாற்றியது போல ஆயிற்று. அதுவும் நேரலை இல்லை. பெரும்பாலும் மார்ச் 25, 26 தேதிகளில் ஆளில்லாத கூடத்தில் முன்கூட்டியே படம்பிடித்து, ஏப்ரல் 4, 5 என்று அமெரிக்காவின் இரண்டு இரவுகளில் ஒளிபரப்பினார்கள். நமக்கு அது மறுநாள் விடிகாலை நாலரை மணி.

மார்ச் 25 நமக்கும் மறக்காத தேதி. முந்தின இரவு எட்டு மணிக்குப் பிரதமர் பேசி, நள்ளிரவிலிருந்து நாடு முழுக்க ஊரடங்கு. வார இறுதிக்கு அக்கா வீட்டுக்கு இரண்டு செட் துணியோடு போன நான் அங்கேயே மாட்டிக்கொண்டேன்.

இந்த மாதிரி நிகழ்ச்சியை அமெரிக்காவில் அப்போது பே-பெர்-வியூ என்பார்கள். மாதச் சந்தா போக, இந்த ஒரு ராத்திரிக்கென்று தனியாகக் காசு கட்டிப் பார்ப்பது. 2014-இல் நெட்வொர்க் என்று சொந்தமாக இணைய ஒளிபரப்பை ஆரம்பித்து மாதம் 9.99 டாலருக்கு எல்லாவற்றையும் கொடுக்கத் தொடங்கிய பிறகும் அந்தப் பெயர் உடனே போகவில்லை. நம் ஊரில் அப்போது கேபிள்காரருக்குக் கொடுத்த காசிலேயே அதுவும் வந்துவிட்டதால், அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம் என்பதே எனக்குக் கல்லூரி முடித்த பிறகுதான் தெரியும்.

என் தலைமுறைக்கு மல்யுத்தம் முதலில் டிவியில் வரவில்லை, சீட்டுக்கட்டில் வந்தது. டிரம்ப் கார்டு. உயரம், எடை, நெஞ்சளவு, புஜம், போட்ட சண்டை, ஜெயித்த சண்டை. அந்த அட்டைகள் ஓரம் பிய்ந்து, எண்ணெய்ப் பிசுக்கு ஏறி, ஒரு அட்டை தொலைந்தால் பள்ளிக்கூடமே கொந்தளிக்கும். அண்டர்டேக்கருக்கு ஏழு உயிர் என்று ஆறாம் வகுப்பில் ஒருவன் சத்தியம் செய்தான். நானும் நம்பினேன். எட்டாம் வகுப்பில் எல்லாம் பொய்ச் சண்டை என்று இன்னொருவன் சொன்னபோது, அதையும் நம்பினேன். ஆனால் பார்ப்பதை நிறுத்தவில்லை. கூத்துப் பார்க்கப் போகிறவர்கள் துரியோதனன் வேஷம் கட்டியவர் பக்கத்துத் தெருக்காரர் என்று தெரிந்துதானே போகிறார்கள்?

சரி, ஆர்லாண்டோவின் அந்தக் காலிக் கூடத்துக்கு வருவோம்.

கூட்டம் இல்லாவிட்டால் என்னென்ன வெளியே வரும் என்பதற்கு நான் தயாராக இல்லை. முதலில் சத்தம். மல்யுத்த மேடை என்பது இரும்புச் சட்டம், அதன்மேல் மரப்பலகை, மெல்லிய மெத்தை, கித்தான். ஆள் விழுந்தால் பரணிலிருந்து அரிசி மூட்டை விழுந்த மாதிரி கேட்கும். ஸ்டேடியத்தில் அந்தச் சத்தத்துக்கு அடுத்த நொடியே “ஓ” என்று ஆயிரக்கணக்கான தொண்டைகள் மேலே வந்து மூடிக்கொள்ளும். இங்கே மூட ஒன்றும் இல்லை. தொழில் ரகசியங்களும் அப்படியே கேட்டன. குத்து விடும்போது காலால் மேடையை ஓங்கி மிதிப்பார்கள், அதுதான் குத்தின் சத்தம். தாடையில் உதைக்கும்போது தன் தொடையைத் தானே தட்டிக்கொள்வார்கள். அக்கா மகனுக்கு அப்போது பதினொரு வயது. இரண்டாவது சண்டையிலேயே கண்டுபிடித்துவிட்டான். “மாமா, அவன் தொடையைத் தட்டுறான்!” இருபத்தைந்து வருடம் பார்த்த எனக்கு அதைக் கண்டுபிடிக்க இணையத்தில் யாரோ எழுதியதைப் படிக்க வேண்டியிருந்தது.

ஆனால் சத்தத்தைவிட என்னை உறுத்தியது இடைவெளிதான். நல்ல பட்டிமன்றப் பேச்சாளர்களைக் கவனித்திருப்பீர்கள். ஒரு வரியைப் போட்டுவிட்டு நிறுத்துவார்கள். கைதட்டல் வரும், அது இறங்கும் நேரம் பார்த்து அடுத்த வரி. மல்யுத்த வீரர்கள் உடம்பால் இதைத்தான் செய்கிறார்கள். ஒரு பெரிய அடி கொடுத்துவிட்டு எழுந்து நின்று சுற்றிலும் பார்ப்பார்கள். அந்த மூன்று நொடி கூட்டத்தின் முறை. வருடக்கணக்கில் பழகிய உடம்பு, கூட்டம் இல்லாதபோதும் அந்த மூன்று நொடி நிற்கிறது. சுற்றிலும் பார்க்கிறது. எதிரே காலி நாற்காலி வரிசை. வில்லன்கள் பாடு இன்னும் மோசம். அந்தக் காலத்தில் நம்பியாரைத் திட்டாத பாட்டிகள் உண்டா? அந்தத் திட்டுதான் வில்லனின் சம்பளம். இங்கே வில்லனும் தானே சிரித்து, தானே கத்தி, தன்னைத்தானே வெறுக்க வைக்கப் பார்த்தான். மார்ச் 16 அன்றே இதற்கு ஒரு முன்னோட்டம் நடந்திருந்தது. ஓய்வுபெற்ற ஸ்டோன் கோல்ட் ஸ்டீவ் ஆஸ்டின் இதே காலிக் கூடத்தில் மேடையேறினார். இரைச்சலை வைத்தே வாழ்ந்த மனிதர் அங்கே பதில் குரல் எழுப்பச் சொல்லி நாற்காலிகளைக் கேட்டுக்கொண்டிருந்ததைப் பார்க்க, உறவினர் வீட்டில் ஒருவர் பாடி முடித்ததும் யாரும் எதுவும் சொல்லாமல் இருப்பது போலக் கூச்சமாக இருந்தது.

முதல் நாளில் கெவின் ஓவன்ஸ் மட்டும் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். சேத் ராலின்ஸ் மணியால் அடித்து விதியை மீறிச் சண்டையை முடித்துக்கொண்டு நடையைக் கட்ட, ஓவன்ஸ் விடாமல் திரும்பக் கூப்பிட்டார். அப்புறம் ரெஸில்மேனியா என்று எழுதியிருந்த பெரிய பலகையின் உச்சிக்கு ஏறி, வர்ணனையாளர் மேஜைமேல் கிடந்த ராலின்ஸ்மேல் குதித்தார். கூட்டம் இருந்திருந்தால் அவர் ஏறத் தொடங்கியதிலிருந்தே கத்தல் ஏறியிருக்கும். இங்கே அவர் ஏறும் மூச்சு கேட்டது. மேஜை உடைந்தது கேட்டது. பிறகு ஒன்றும் இல்லை. எங்கள் ஹாலில் பயல் மட்டும் சோபாவில் நின்று கத்தினான். அவனை அடக்க அக்கா படுக்கையறையிலிருந்து கத்தினாள்.

அன்றைய கடைசிச் சண்டை அண்டர்டேக்கருக்கும் ஏ.ஜே. ஸ்டைல்ஸுக்கும். அதை மேடையில் நடத்தவே இல்லை. போன்யார்டு மேட்ச் என்று பெயர் வைத்து, ஒரு மயானம் போல செட் போட்டு, இரவில் சினிமா மாதிரியே எடுத்துவிட்டார்கள். ஸ்டைல்ஸ் சவ வண்டியில், சவப்பெட்டிக்குள்ளிருந்து சிரித்துக்கொண்டு எழுந்து வந்தார். அண்டர்டேக்கர் மோட்டார் சைக்கிளில் வந்தார். பனிமூட்டம், ஒரு பழைய கொட்டகை, உடையும் வேலி, பின்னணி இசை. கடைசியில் ஸ்டைல்ஸைக் குழியில் தள்ளி மண்ணைப் போட்டு மூட, கையுறை போட்ட ஒரு கை மட்டும் மண்ணுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தது.

கேட்டால் கோமாளித்தனம். பார்க்க அபாரம். 2017-இல் ரோமன் ரெய்ன்ஸிடம் தோற்று, கையுறையையும் கோட்டையும் தொப்பியையும் மேடை நடுவில் கழற்றி வைத்துவிட்டுப் போனவர் அண்டர்டேக்கர். மனம் கேட்காமல் திரும்பி வந்து, 2019-இல் சவூதியில் கோல்ட்பெர்க்கோடு போட்ட சண்டையில் இரண்டு பேருமே தடுமாறியதைப் பார்த்தபோது போதும் ஐயா என்று எனக்கே தோன்றியது. ஐம்பதைத் தாண்டிய அந்த உடம்புக்குக் காமிரா வெட்டும் இருட்டும் பனிமூட்டமும் கைகொடுத்தன. கொரோனா வராமல் 65,000 பேர் முன்னால் நடந்திருந்தால் இன்னொரு தடுமாற்றம்தான் கிடைத்திருக்கும் என்று நினைக்கிறேன். அதுவே அவருடைய கடைசிச் சண்டையாகவும் ஆனது. 1990 நவம்பர் 22-இல் அறிமுகமானவருக்குச் சரியாக முப்பது வருடம் கழித்து, 2020 நவம்பர் 22-இல் விடை கொடுத்தார்கள். ஆறாம் வகுப்புக்காரன் சொன்ன ஏழு உயிரில் கடைசி உயிர் ஒரு மயான செட்டில் போனது. அவனுக்குத் தகவல் சொல்ல எண் இல்லை.

அந்த ஏப்ரல் 5 இரவு ஒன்பது மணிக்கு விளக்கேற்றச் சொல்லியிருந்தார்கள். ஒன்பது நிமிடம். அக்கா வீட்டு மொட்டைமாடியில் அகல்விளக்குகளை வரிசையாக வைத்துவிட்டு நின்றோம். தெரு முழுக்க இருட்டு, மாடிக்கு மாடி சுடர்கள். யாரோ தட்டைத் தட்டினார்கள். அது மார்ச் 22-க்கு உரியது, இன்றைக்குச் சொல்லவில்லை என்று மாமா கீழேயிருந்து திருத்தினார். யாரோ தீபாவளியில் மிச்சம் வைத்த சரவெடியைப் பற்றவைத்தார்கள். விசில், கூச்சல், ஒரு நாய். பத்து நாளாகப் பக்கத்து வீட்டு மனிதர்களின் குரலைக்கூடச் சரியாகக் கேட்டிராத தெரு அது. எதற்கு என்று தெரிந்து கத்தியவர்கள் எத்தனை பேரோ, கத்த ஒரு சாக்குக் கிடைத்ததே என்று கத்தியவர்கள்தான் அதிகம். நானும் விசில் அடித்தேன். காலையில் அந்தக் காலி நாற்காலிகளைப் பார்த்ததிலிருந்து அது உள்ளே நின்றுகொண்டிருந்தது.

மறுநாள் நாலரைக்குப் பயல் எழவில்லை. நான் மட்டும் உட்கார்ந்தேன்.

எட்ஜ், ராண்டி ஆர்ட்டன் சண்டைக்கு ஆசையாகக் காத்திருந்தேன். கழுத்துக் காயத்தால் 2011-இல் ஓய்வுபெற்ற எட்ஜ், ஒன்பது வருடம் கழித்துத் திரும்பி வந்திருந்தார். யாராவது ஒருவர் பத்து எண்ணுவதற்குள் எழ முடியாமல் கிடக்கும் வரை சண்டை. பயிற்சிக்கூடம் முழுக்க அடித்துக்கொண்டே போனார்கள்: உடற்பயிற்சி அறை, கூட்ட அறை மேஜை, சாமான் அடுக்கும் இடம், கடைசியில் ஒரு லாரியின் கூரை. 36 நிமிடம். ஒவ்வொரு அடிக்குப் பிறகும் அந்தக் கூட்டத்துக்கான மூன்று நொடி, நான் சொன்னேனே, இங்கே முப்பது நொடியாக வளர்ந்துவிட்டது. நடுவில் நான் போய்க் காபி போட்டு வந்தேன், இருவரும் அப்போதும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். கூட்டம் இருந்திருந்தால் வருடத்தின் சிறந்த சண்டை என்று கொண்டாடியிருப்பார்களோ என்னவோ.

ஜான் சீனாவும் பிரே வயட்டும் அதற்கு நேரெதிர். ஃபயர்ஃபிளை ஃபன் ஹவுஸ் மேட்ச். குழந்தைகள் நிகழ்ச்சி போன்ற வண்ணவண்ண அறைக்குள் சீனாவை இழுத்துப்போய், அவருடைய சொந்த வாழ்க்கைக்குள்ளேயே சுற்றவிட்டார் வயட். 2002-இல் சீனா முதல்முதலாகக் கர்ட் ஆங்கிள் முன்னால் வந்து நின்ற காட்சி, ராப் பாடித் திரிந்த காலம், 2014 ரெஸில்மேனியாவில் வயட்டைத் தோற்கடித்த இரவு. எல்லாம் ஒவ்வொன்றாக வந்து சீனாவைக் கேள்வி கேட்டன. எப்போதும் நல்லவனாகவே ஜெயித்த நீ உண்மையில் நல்லவன்தானா என்பது கேள்வி. ஓர் ஒழுங்கான குத்துகூட இல்லை. கடைசியில் சீனா காற்றில் மறைந்துபோனார். “என்னைப் பார்க்க முடியாது” என்று முகத்துக்கு முன்னால் கையை ஆட்டியே பிழைத்த மனிதரை நிஜமாகவே காணாமல் போகச் செய்த குறும்பை யோசித்தது யாராக இருந்தாலும் கும்பிடலாம். வயட் 2023 ஆகஸ்டில், 36 வயதில், மாரடைப்பில் போய்விட்டார். அந்தப் பதின்சொச்சம் நிமிடத்தை நான் அதற்குப் பிறகு மூன்று முறை பார்த்துவிட்டேன்.

கடைசியாக ட்ரூ மெக்கின்டயர். இவருக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

ஸ்காட்லாந்துக்காரர். 2009-இல் முதலாளி வின்ஸ் மக்மஹனே மேடையில் கூட்டிவந்து, வருங்காலச் சாம்பியன் இவன்தான் என்று அறிமுகப்படுத்தினார். அந்த வருங்காலம் வரவில்லை. மெல்ல மெல்லக் கீழே இறங்கி, மூன்று பேர் கிதார் வாசிப்பது போலக் கோமாளி வேஷம் போடும் குழுவில் ஒருவராகி, 2014-இல் வேலையே போயிற்று. சின்னச் சின்ன அரங்குகளில் ஊர் ஊராகச் சண்டை போட்டு, உடம்பை ஏற்றி, 2017-இல் திரும்பி வந்தார். 2020 ஜனவரியில் ஹூஸ்டனில் முப்பது பேர் மோதும் ராயல் ரம்பிளில் அப்போதைய சாம்பியன் பிராக் லெஸ்னரையே கயிற்றுக்கு மேல் உதைத்து வெளியே தள்ளி, கடைசியில் ஜெயித்தபோது அந்த மைதானம் அலறியதை மறக்க முடியாது. அப்படி ஒரு கூட்டம் ரெஸில்மேனியாவில் அவர் லெஸ்னரிடமிருந்து சாம்பியன் பெல்ட்டை வாங்கித் தூக்கும்போது எப்படி அலறும் என்று ரசிகர்கள் மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தோம்.

சண்டை ஐந்து நிமிடத்துக்குள் முடிந்தது. லெஸ்னர் மூன்று முறை எஃப்-5 என்று தூக்கி வீசினார். மெக்கின்டயர் எழுந்தார். பிறகு ஓடிவந்து ஒற்றைக் காலால் முகத்தில் விடும் கிளேமோர் உதை, அடுத்தடுத்து. ஒன், டூ, த்ரீ. பிரிட்டனிலிருந்து வந்த முதல் டபிள்யூடபிள்யூஇ சாம்பியன். பெல்ட்டைக் கையில் வாங்கியதும் முகம் கலங்கியது. பத்தொன்பது வருடக் கனவு என்பார்களே, அப்படி ஒரு முகம். சுற்றிலும் பார்த்தார். பார்க்க யாரும் இல்லை. அப்புறம் காமிராவைப் பார்த்துக் கையை நீட்டினார். நம் கையைப் பிடிக்க வருவது போல. நன்றி என்றார்.

நான் அக்கா வீட்டு ஹாலில், கையில் ஆறிப்போன காபி டம்ளரோடு, டிவியைப் பார்த்துத் தலையை ஆட்டினேன். பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இப்போது நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது. அவர் கையை நீட்டியது பத்து நாளுக்கு முன்னால். ஜெயித்ததை வெளியே சொல்ல முடியாமல் அத்தனை நாளும் இருந்திருக்கிறார் மனிதர்.

அதற்குப் பிறகு நடந்தது நல்ல கதை இல்லை. ஏப்ரல் 9-இல் ஃப்ளோரிடா அரசு, தேசிய அளவில் பார்க்கப்படும் விளையாட்டு நிகழ்ச்சிகளை அத்தியாவசிய சேவைப் பட்டியலில் சேர்த்தது. அந்த வரிசையில் மல்யுத்தமும் வந்தது. நம் ஊரில் பாலும் மருந்தும் அத்தியாவசியமாக இருந்த அதே வாரம். ஏப்ரல் 15-இல் ஒரே நாளில் நிறையப் பேரை நிறுவனம் வேலையை விட்டு அனுப்பியது. மயானத்தில் ஸ்டைல்ஸுக்கு அடியாட்களாக வந்து அண்டர்டேக்கரிடம் அடிவாங்கிய கேலோஸும் ஆண்டர்சனும் அதில் இருந்தார்கள். சீனாவின் முதல் எதிரியான கர்ட் ஆங்கிளும் இருந்தார். ஆகஸ்டில் சுற்றிலும் திரைகளை அடுக்கி, வீட்டிலிருந்து பார்ப்பவர்களின் முகங்களை அதில் காட்டி, பதிவுசெய்த கூச்சலை ஓடவிட்டார்கள். தண்டர்டோம் என்று பெயர். அம்மாவுக்கு அது மறுபடி கிரிக்கெட்டாகிவிட்டது.

2021 ஏப்ரல் 10-இல், ஒரு வருடம் தாமதமாக, அதே டாம்பா ஸ்டேடியத்தில் கூட்டத்தோடு ரெஸில்மேனியா நடந்தது. தொடங்கப் போகும் நேரம் இடி, மழை. காத்திருந்து காத்திருந்து, கடைசியில் முதல் சண்டையே மெக்கின்டயருக்கும் பாபி லாஷ்லிக்கும். போன வருடம் கிடைக்காத அலறல் இந்த வருடம் கிடைத்தது. வெற்றி கிடைக்கவில்லை. லாஷ்லியின் பிடியில் மயங்கித் தோற்றார். 2022-இல் வேல்ஸில் கார்டிஃப் ஸ்டேடியத்தில், கிட்டத்தட்ட சொந்த மண்ணில், ரோமன் ரெய்ன்ஸிடம் தோற்றார்.

2024 ஏப்ரலில் ஃபிலடெல்ஃபியாவில்தான் அது நடந்தது. அம்மா என்னோடு சென்னையில் இருந்தார். விடிகாலை, இரண்டாம் நாளின் முதல் சண்டை. மெக்கின்டயர் சேத் ராலின்ஸை வீழ்த்திச் சாம்பியன் பெல்ட்டை வாங்கினார். நிறைந்த ஸ்டேடியம். அந்த நான்கு வருடக் கடனை வட்டியோடு திருப்பிக் கொடுத்தது கூட்டம். மனிதர் சும்மா இருந்திருக்கலாம். வர்ணனை செய்ய உட்கார்ந்திருந்த சிஎம் பங்க்கிடம் போய் வம்பிழுத்தார். பங்க் அடித்துப்போட, காத்திருந்த டேமியன் ப்ரீஸ்ட், எப்போது வேண்டுமானாலும் சாம்பியனோடு மோதலாம் என்ற ஒப்பந்தப் பெட்டியோடு ஓடிவந்து பெல்ட்டைப் பிடுங்கிக்கொண்டார். ஆறு நிமிடம்கூட அது மெக்கின்டயர் கையில் இல்லை. நான் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தேன். ஸ்டேடியம் குதித்துக்கொண்டிருந்தது.

“காலங்காத்தாலயே கிரிக்கெட்டா?” என்றார் அம்மா சமையல்கட்டிலிருந்து. “யாரு அவுட்டு?”